ஞானசிங் குடிக்காமல் வைத்த காவா

குவைத்தில் கட்சி என்று போர்டு மாட்ட முடியாது. வீட்டு முன்ஹாலில் வாரம் ஒருநாள் கூடிப் பேசுவார்கள். அந்தத் திவானியாதான் கட்சி. அபு மிஷாலின் திவானியாவில் காவா என்கிற அரபுக் காப்பி ஊற்றுகிறவர் குளச்சல்காரர் ஞானசிங். நான் அதே வீட்டு டிரைவர்.

அரபு தேசமெல்லாம் ஒன்றாக வேண்டும் என்று முழங்கியவர்களால் ஒரு ஹாலில் ஒன்றாக உட்கார முடியவில்லை. தேர்தலில் நிற்கலாமா கூடாதா என்று சண்டைபோட்டுப் பிரிந்தார்கள். பெருங்கூட்டம் அபு தாரிக் பின்னால் போயிற்று. அபு மிஷாலிடம் மிஞ்சியவர்கள் என் காரில் அடங்குவார்கள். அந்த நாலு பேர் கட்சிக்கும் ஒரு புதுப்பெயர்! எனக்குச் சிரிப்பு வரும். ஞானசிங் ஒருநாளும் சிரித்ததில்லை. ஹால் நிறைந்திருந்த காலத்து மரியாதையோடுதான் அந்த நாலு பேருக்கும் ஊற்றினார்.

"அபு தாரிக் வாசலை மிதிக்கிறவனுக்கு என் வீட்டில் வேலை இல்லை" என்று அபு மிஷால் சொல்லியிருந்தார். எங்கள் கஃபீல் அவர்தான். விசா அவர் கையில்.

பிறகு அவர் படுக்கையில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் காய்ச்சல் ஏறினால் பள்ளிக்கூட நண்பன் அபு தாரிக்கைக் கூப்பிடுவார். இறங்கினால், கூப்பிடவே இல்லை என்பார். டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"என்னைய அபு தாரிக் வீட்டுல கொண்டு விடும்" என்றார் ஞானசிங்.

"வேலை போச்சுன்னா என்னவே செய்வீரு?"

"போனா போட்டும். அந்த மனுசன் ஆசைய நெஞ்சுல வச்சிட்டு சாவப்பிடாது."

கொண்டுபோய் விட்டேன். நான் உள்ளே போகவில்லை. செருப்பு கழற்றுகிற இடத்தோடு நின்றுகொண்டேன்.

திவானியாவுக்குள் யார் வந்தாலும் காவா உண்டு. வந்தவர் அதைக் குடிக்காமல் கீழே வைத்தால், ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று அர்த்தம். வீட்டுக்காரர் சரி என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் குடிப்பார். ஞானசிங் கோப்பையைக் கீழே வைத்தார். ஹாலில் பேச்சு நின்றது.

"குடி. கேட்டதைத் தருகிறேன்" என்றார் அபு தாரிக்.

"அபு மிஷாலைப் பார்க்க வரவேண்டும்."

அபு தாரிக்கின் முகம் கறுத்தது. ஆனால் கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். ஞானசிங் குடித்தார், அபு தாரிக் எழுந்தார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு கிழவர்களும் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைகள் மாதிரி அழுதார்கள். கண்ணைத் துடைத்ததும் அபு மிஷால் ஞானசிங்கைப் பார்த்தார்.

"அந்த வாசலை மிதித்தாயா?"

"மிதித்தேன், பாபா."

"அப்படியானால் கலாஸ். இனி நீ என் வேலைக்காரன் இல்லை."

அபு மிஷால் கட்டில் பக்கத்து நாற்காலியைக் காட்டினார்.

"உட்கார். அபு தாரிக், என் தம்பிக்குக் காவா ஊற்று."