சிவப்பு அம்பும் டச்சுப் பன்மையும்

திருமணமான மூன்று ஆண்டுகளில் நானும் என் கணவரும் சேர்ந்திருந்தது நாற்பத்தொரு நாள். அவர் நெதர்லாந்தில் ஓர் உணவகத்தில் சமைக்கிறார். நான் போய்ச் சேர விசா வேண்டும். விசாவுக்கு டச்சுத் தேர்வில் தேற வேண்டும். ஆம்பூரில் என்னோடு டச்சு பேச ஓர் ஆள் கிடையாது.

அந்த மொழிக்குப் பன்மையில் ஒரு நிலை இல்லை. ஸ்தூல் என்றால் நாற்காலி. இரண்டு இருந்தால் ஸ்தூலென். லேப்பல் என்றால் ஸ்பூன். அதுவோ லேப்பல்ஸ் ஆகிறது. முட்டை வெறும் 'ஐ'. இரண்டாவது முட்டை வந்ததும் 'ஐயெரென்' என்று முழ நீளத்துக்கு வால் முளைக்கிறது. நம் 'கள்' எவ்வளவு சாது! முடிந்த வேலையைச் சொல்வதென்றால் முன்னால் ஒரு 'ஃகெ' வேண்டும், அதுவும் தொண்டையைக் காறியபடி. நான் ஃகெவெர்க்த் (வேலை செய்தாயிற்று), ஃகெஃகேத்தன் (சாப்பிட்டாயிற்று) என்று கத்தினால், தொண்டை கட்டிவிட்டதென்று மாமியார் வெந்நீர் கொண்டுவந்து வைப்பார்.

ஷூ கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. அங்கே மிஞ்சிய சிவப்பு அம்பு ஸ்டிக்கர்களில் சொற்களை எழுதி நாற்காலி, ஸ்பூன், முட்டைக்கூடை என்று ஒட்டினேன். குழம்புச் சட்டியில் 'ஃகெகோக்த்', அதாவது சமைத்தாயிற்று.

மாலையில் வந்தால் மாமியார் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அவரும் ஷூ கம்பெனியில் தைத்தவர். எங்கள் தொழிலில் சிவப்பு அம்புக்கு ஒரே அர்த்தம்தான்: இங்கே குறை இருக்கிறது.

"இருவது வருஷம் தச்சேன், ஒரு ஜோடி ரிட்டர்ன் வந்ததில்ல. எங்கொழம்புல இன்னா கொறைன்னு ரிஜெக்ட் பண்ண?"

சமாதானம் செய்ய அரை மணி நேரமானது. மறுநாளிலிருந்து அவரே பரீட்சை அதிகாரி. தினமும் மாலையில் ஒவ்வொரு பொருளாகத் தொட்டுக் கேட்பார். நான் திணறினால், "இன்னும் பத்து தபா சொல்லு." டச்சு எழுத்து ஒன்றுகூடத் தெரியாமல் இவ்வளவு அதிகாரம்!

தேறிவிட்டேன். ஓடிப்போய்ச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

"நீ ஃபெயிலாவணும்னு தெனம் ஜெபம் பண்ணேன்மா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்புறம் ஏன் அத்தை தெனம் பாடம் கேட்டீங்க?"

"அது அவனுக்கோசரம். ஜெபம் எனக்கோசரம்."

அவர் மடியில் தலை வைத்து அழுதேன்.