பால்பல் பஞ்சாயத்தில் கருப்பன்

சௌமியா நான்கரை வயது வரை பேசவில்லை. காது நன்றாகக் கேட்டது. சேலத்தில் இரண்டு டாக்டர்கள் பார்த்துவிட்டு, பேசும்போது பேசும் என்றார்கள். அவள் அம்மா உண்ணாமலை அங்காளம்மன் கோயிலுக்குப் போய், பிள்ளை வாய் திறந்தால் ஒரு கருஞ்சேவல் அறுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு வந்தாள். ஒன்பதாம் நாள் ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது இடுப்பிலிருந்த பிள்ளை, "பஸ்ஸு" என்றது. அம்மா என்றுதான் முதலில் சொல்லும் என்று உண்ணாமலை எதிர்பார்த்திருந்தாள். அந்த வாரச் சந்தையிலேயே ஒரு கருங்குஞ்சு வாங்கினாள்.

நேர்ந்துவிட்ட சேவலை மாசித் திருவிழாவில்தான் அறுக்க வேண்டும். பிள்ளையின் அப்பன் பிடித்துக் கொடுக்க வேண்டும். அப்பன் செங்கோடன் போர்வெல் ரிக் வண்டியில் டிரைவர். முதல் மாசியில் அவன் சத்தீஸ்கரில் இருந்தான். அடுத்த மாசியில் மத்தியப் பிரதேசத்தில் வண்டி பழுதாகி நின்றது. குஞ்சு சேவலாகி, இரண்டு வயதைத் தாண்டிவிட்டது. சௌமியா அதற்குக் கருப்பன் என்று பெயர் வைத்து, பள்ளிக்கூடத்தில் நடந்ததை எல்லாம் அதனிடம் சொன்னாள். பேச ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை.

உண்ணாமலை நாமகிரிப்பேட்டைப் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை எடுக்கிறாள். ஆறு வருடமாகிறது. காலை ஆறு மணிக்குப் பண்ணை வேன் தெருவுக்கு வரும். கேட்டில் மருந்துத் தண்ணீரில் கால் நனைத்து, வீட்டுச் சேலையைக் கழற்றிவிட்டுப் பண்ணைச் சட்டை போட்டுக்கொண்டு உள்ளே போக வேண்டும். இரண்டாம் நம்பர் ஷெட்டில் கூண்டுகளுக்கு நடுவே தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போவாள். அட்டை அட்டையாக அடுக்குவாள். விரிசல் விட்டதைத் தனியே வைப்பாள். செத்த கோழி இருந்தால் எடுத்து வெளியே போடுவாள். எண்ணிக்கையில் அவள் தவறியதில்லை. அங்கே யாரும் அவளைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ பேசியதும் இல்லை.

சேர்ந்தபோது ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். வீட்டில் கோழி வளர்க்கக்கூடாது. நாட்டுக்கோழியிடமிருந்து வெள்ளைக்கழிச்சல் நோய் காலிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். வந்தால் ஒரு ஷெட்டே போய்விடும். பண்ணையில் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரிந்த விதி இது. அதனால் தினமும் ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கருப்பனைப் பாத்ரூமில் போட்டுத் தாழிடுவாள். வேன் போகும் வரை டிவி சத்தமாக ஓடும்.

அந்த டிவியில்தான் ஞாயிறு மத்தியானம் பால்பல் பஞ்சாயத்து வரும். வெள்ளை வேட்டி, ஒட்டு மீசை, கையில் சொம்போடு ஒருவர் ஆலமரம் போன்ற செட்டின் அடியில் உட்கார்ந்திருப்பார். ஏழு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளை எதிரே உட்கார வைத்து வீட்டு விஷயங்களை விசாரிப்பார். கடைசியில் தீர்ப்பு சொல்வார். நிகழ்ச்சிக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க டிவிக்காரர்கள் ராசிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வந்தபோது, பள்ளிக்கூடத்து டீச்சர் நான்கு பிள்ளைகளைக் கூட்டிப்போனார். சௌமியா மட்டும் தேறினாள்.

சேலம் ஜங்ஷனிலிருந்து சென்னைக்கு ரயிலில் போனார்கள். வழி முழுக்க உண்ணாமலை சொல்லிக்கொண்டு வந்தாள்.

"அப்பா குடிக்கிறதைச் சொல்லக்கூடாது, சாமி."

"செரி."

"பெரியம்மா ஊட்டோட பேச்சில்லைங்கறதச் சொல்லக்கூடாது."

"செரிம்மா. நீ சாமியாடுனதச் சொல்லலாமா?"

"அதும் வேண்டாம்."

"அப்ப என்னத்தத்தான் சொல்றது?"

"கேக்கறதுக்கு மட்டும் சொல்லு."

சேவலைப் பற்றி அவளுக்குத் தோன்றவே இல்லை. தினமும் ஒளித்து வைத்து, அது பல் விளக்குவதுபோல ஆகிவிட்டிருந்தது.

செட்டில் அம்மாக்களை மேடைக்குக் கீழே ஒரு வரிசையாக உட்கார வைத்தார்கள். அவர்களுக்கு என்று தனியாக ஒரு கேமரா இருந்தது.

"உங்க வீட்ல யார் யார் இருக்கீங்க?" என்றார் சொம்புக்காரர்.

"அம்மா, நானு, கருப்பன்."

"கருப்பன் தம்பியா?"

"இல்லீங்க. சேவலுங்க."

சிரித்தார்கள்.

"அம்மா என்ன வேலை பாக்கறாங்க?"

"கோழிப்பண்ணைங்க. அங்க நாப்பதாயிரம் கோழி இருக்குது."

"அங்கயும் கோழி, வீட்லயும் கோழியா?"

"அங்க இருக்கறவீங்களுக்குத் தெரியாதுங்க. வேன் வந்துச்சுன்னா கருப்பனப் பாத்ரூமுக்குள்ள போட்டு, டிவி சத்தத்தக் கூட்டி வெச்சுருவோம்."

"சத்தம் எதுக்கு?"

"அவன் கூவுவானுங்களே!"

"எப்படிக் கூவுவான்?"

சௌமியா நாற்காலியில் ஏறி நின்று, கழுத்தை நீட்டிக் கூவினாள். சொம்புக்காரர் சொம்பைக் கீழே போட்டார். தலைமறைவுக் குற்றவாளி கருப்பனுக்குப் பாத்ரூமிலேயே ஆயுள் தண்டனை என்று தீர்ப்பு சொன்னார். பக்கத்திலிருந்த அம்மாக்கள் உண்ணாமலையின் தோளில் தட்டிச் சிரித்தார்கள். அவளும் சிரிப்பதுபோல வாயை வைத்துக்கொண்டாள்.

முடிந்ததும் நிகழ்ச்சியை ஒருங்கிணைக்கிற பெண்ணைத் தேடிப் போனாள். காதில் ஒயர் மாட்டியிருந்த சின்னப் பெண்.

"அந்தச் சேவல் பேச்ச மட்டும் எடுத்துட முடியுங்களா?"

"ஐயோ, அதுதாம்மா ஹைலைட்டே!"

பெரிய கரடி பொம்மை கொடுத்தார்கள். ரயிலில் அதற்கு ஒரு சீட் தேவைப்பட்டது.

ஒளிபரப்புக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. இடையில் இரண்டாம் நம்பர் ஷெட்டில் கோழிகள் சாக ஆரம்பித்தன. ஒரு நாள் நாற்பது, ஒரு நாள் எழுபது. டாக்டர் வந்து ஊசி போட்டார். அறுநூறில் நின்றது. உண்ணாமலை செத்ததை எடுத்துக் குழியில் போட்டாள். வீட்டுக்கு வந்து கருப்பனுக்குக் கம்பு போட்டாள். அது தெம்பாகத்தான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாள் காலையும் நினைத்தாள். வேன் வந்ததும் டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

ஞாயிறு மத்தியானம் ஒளிபரப்பானது. சௌமியா கூவும்போது உண்ணாமலையின் முகத்தை மூன்று தடவை காட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெரிதாக, டொய்ங் என்ற சத்தத்தோடு.

திங்கள்கிழமை வேனில் ஏறியதும் கூட வேலை செய்யும் சென்னம்மாள், "ஏனுங்க்கா, கருப்பன் குளிச்சாச்சுங்களா?" என்றாள். வேனே சிரித்தது. டிரைவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கேட்டில் மட்டும் அவளை உள்ளே விடவில்லை. மேனேஜர் கந்தவேல் வேனுக்கே வந்து அவளைத் தனியே கூப்பிட்டு, ரோட்டோரம் புளியமரத்தடியில் நிற்க வைத்துப் பேசினார். அவர் பத்தடி தள்ளி நின்றார்.

"எம் பொண்ணு நாலு தடவ பாத்துட்டா. நல்லாத்தான் பேசுது உம் புள்ள."

"ஆமாங்க."

"மொதலாளியும் பாத்துட்டாரு."

உண்ணாமலை கேட்டுக்கு அப்பால் இரண்டாம் நம்பர் ஷெட்டைப் பார்த்தாள்.

"அறுநூறு கோழி போச்சு. நீதான்னு நாஞ் சொல்லல. நீயில்லைன்னும் சொல்ல முடியாதில்ல?"

"நேந்துவுட்டதுங்க. மாசிக்கு அறுத்துருவேனுங்க."

"மாசிக்கு மூணு மாசம் கெடக்குது, உண்ணாமலை. ஆறு வருசம் இருந்துருக்கறியேன்னு மொதலாளிகிட்டக் கேட்டு வாங்கியிருக்கறேன். இன்னைக்குப் பொழுது சாய்றதுக்குள்ள அது இருக்கக்கூடாது. அறுத்துப்போட்டுப் போட்டோ அனுப்பு. இருவத்தோரு நாளு இந்தப் பக்கம் வராத. அப்பறம் வேலைக்கு வா. இல்லீன்னா வேற ஆளு போட்டுருவாரு."

"செரிங்க."

வேன் கிடைக்காமல் டவுன் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாள். செங்கோடனுக்குப் போன் செய்தாள். பின்னால் ரிக் ஓடும் சத்தம் கேட்டது.

"டிவில பாத்தோம்! இங்க எல்லாரும் உழுந்து உழுந்து சிரிச்சாங்க!" என்று கத்தினான்.

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் சத்தத்தை விட்டுத் தள்ளி வந்தான்.

"சும்மா அறுத்தா சாமி குத்தமாயிருமில்ல? புள்ளைக்கிப் பேச்சு வந்ததே அதுலதான."

"நீங்க வாரீங்களா?"

"நா எப்படி வாரது? கோயிலுக்கே தூக்கிட்டுப் போ. பூசாரியக் கேளு."

சௌமியா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உண்ணாமலை சேவலைக் கட்டைப்பையில் போட்டு, தலையை மட்டும் வெளியே விட்டுத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். எங்கே போகிறோம் என்று பிள்ளை கேட்கவில்லை. பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தது. வழியில் டீக்கடையில் இருந்த ஒருவர், "அடடே, டிவில வந்த புள்ள! ஒருக்கா கூவு கண்ணு" என்றார். சௌமியா அவரைப் பார்த்துவிட்டு நடந்தாள்.

பூசாரி நாச்சிமுத்து கோயில் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"திங்கக்கெழம வந்துருக்கற. அப்பன் எங்க?"

"ரிக்குலங்க. இன்னைக்கே முடிக்கோணுங்க."

அவர் காரணம் கேட்கவில்லை. அவரும் நிகழ்ச்சியைப் பார்த்திருந்தார். "கெழமையும் இல்ல, ஆளும் இல்ல. துலுக்குனா அறுக்கறேன். துலுக்காட்டி எடுத்துட்டுப் போயிரு" என்றார்.

மஞ்சள் தண்ணீர் தெளித்தால் சேவல் உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். அதுதான் துலுக்குவது. உதறினால் அம்மன் ஏற்றுக்கொண்டாள். உதறாத உயிரை அந்தக் கோயிலில் யாரும் அறுத்ததில்லை.

உண்ணாமலை சேவலைச் சூலத்துக்கு முன்னால் நிறுத்திக் காலைப் பிடித்துக்கொண்டாள். நாச்சிமுத்து சொம்பிலிருந்து தெளித்தார். கருப்பன் நின்றது. முதுகில் தண்ணீர் வழிந்தது. திரும்பவும் தெளித்தார். அது தலையைச் சாய்த்து சௌமியாவைப் பார்த்தது. மூன்றாவது தடவை அவர் தலையிலிருந்து வால் வரைக்கும் ஊற்றினார். எங்கோ ஒரு டிராக்டர் போனது. சேவல் கொண்டையில் சொட்டிய நீரோடு அப்படியே நின்றது.

சாயங்கால வெயில் கோபுரத்தின் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. நாச்சிமுத்து உள்ளே போய் இன்னொரு சொம்பு தண்ணீர் எடுத்தார். அவர் முதுகைக் காட்டி நின்ற அந்த நேரத்தில் உண்ணாமலை சொன்னாள்:

"துலுக்கிருச்சுங்க."

அவர் திரும்பினார். "எப்ப?"

"இப்பத்தானுங்க."

சேவலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. டிவியில் மூன்று தடவை காட்டிய அதே முகம். அவர் குனிந்து பிள்ளையிடம் கேட்டார்.

"நீ பாத்தியா, சாமி?"

சௌமியா அம்மாவைப் பார்த்தாள். உண்ணாமலை தலையை ஆட்டவில்லை, கண்ணால் காட்டவும் இல்லை. சேவலின் காலைப் பிடித்திருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துலுக்கிருச்சுங்க" என்றாள் சௌமியா.

நாச்சிமுத்து கத்தியை எடுத்தார்.

போட்டோ எடுத்து மேனேஜருக்கு அனுப்பினாள். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது. வீட்டில் சேவலைச் சுட்டு மஞ்சள் தடவி அரிந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. சென்னையிலிருந்து, காதில் ஒயர் மாட்டியிருந்த அந்தப் பெண். பொங்கலுக்கு ஒரு சிறப்பு நிகழ்ச்சி. இந்தத் தடவை கருப்பனையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும், வண்டி அவர்களே அனுப்புவார்கள். எல்லோரும் கருப்பனைத்தான் கேட்கிறார்களாம்.

உண்ணாமலைக்குக் கை எல்லாம் ஈரம். என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டுப் பிள்ளையிடம் கொடுத்தாள்.

"ஹாய் சௌமி! கருப்பன் எப்படி இருக்கான்?"

சௌமியா கரடி பொம்மையின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இந்த முறை அம்மாவைப் பார்க்கவில்லை.

"நல்லா இருக்கானுங்க" என்றாள்.