மிரியமின் முதல் கட்டுரை

இன்று கோட்-டெ-நெய்ஜ் போகும் பஸ்ஸில் என் மகளின் தோழி மிரியம் பக்கத்தில் வந்து இருந்தாள். பல்கலைக்கழகத்தில் இளம் யூத எழுத்தாளர்களுக்கான பயிற்சியில் சேர்ந்திருக்கிறாள். அவளுடைய முதல் கட்டுரை நாளை அவர்களின் இணையச் சஞ்சிகையில் வருகிறதாம். யூதக் குடும்பங்கள் வாராவாரம் ஒன்றுகூடும் வெள்ளி இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரமாட்டேன் என்று தாயோடு சண்டை பிடித்த கதை.

"அம்மா வாசிச்சிட்டாவோ?" என்று கேட்டேன்.

முகம் வெளிறிவிட்டது. "இல்லை அன்ரி."

"இப்பவே ஃபோன் எடுத்துக் கதை."

தாயை ஸ்பீக்கரில் அழைத்து, முழுவதையும் வாசித்தாள்.

வாசித்து முடிந்ததும் தாய் சொன்னார்: "நான் மெல்லமாச் சொன்னனெண்டு எழுதியிருக்கிறாய். பொய்! நான் கத்தினனான். அப்பிடியே போடு. மிச்சமெல்லாம் நல்லாயிருக்கு."

மிரியம் சிரித்துக்கொண்டே அந்த இடத்திலேயே திருத்தினாள்.

என் மகளும் இப்போது ஏதோ எழுதுகிறாள். நான் கத்துவதே இல்லை என்று இங்கே யாராவது சாட்சி சொல்வீர்களா?