முடியாத விளையாட்டை வாங்கிய மருமகள்

எங்க மருமகளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. உதட்டைப் பார்த்தே நம்ம பேச்சைப் புரிஞ்சுக்குவாள். போன வருஷம் அவள் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு வாங்கினாள். இன்னும் செய்து முடிக்காத விளையாட்டாம்!

"அரைவேக்காட்டை யாராவது வாங்குவாங்களாடி?" என்றேன்.

"சுவர் எழும்பும்போதுதானே அத்தை ஜன்னல் கேட்க முடியும்?" என்று சிரித்தாள்.

விளையாட்டில் கொள்ளிடம் மாதிரி அகலமான ஆறு. பனிமூட்டத்தில் படகு ஓட்டணும். பாறை எந்தப் பக்கம் என்பதை விசில் சத்தம் சொல்லும். அது கேட்காமல் இவள் படகு முட்டி முட்டி மூழ்கியது. சத்தத்தைக் கண்ணுக்கும் காட்டுங்க என்று விளையாட்டைச் செய்கிறவங்களுக்கு எழுதிப் போட்டாள்.

"உனக்காக மாத்தப் போறாங்களாக்கும்!" என்று நொடித்தேன்.

ஒரு நாள் காலையில், "அத்தை, ஓடி வாங்க!" என்று கத்தினாள். விசில் வருகிற பக்கம் திரையில் மஞ்சள் வெளிச்சம் மின்னியது. அதைப் பார்த்துப் படகைத் திருப்பித் திருப்பிக் கரை சேர்த்துவிட்டாள்.

"இனி என்னை மாதிரி இருக்கிறவங்க எல்லாரும் கரையேறலாம் அத்தை" என்றாள்.

ஸ்ரீரங்கத்தில் பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் இதைப் பெருமையாகச் சொல்கிறேன். கொடுத்ததை வாங்கிக்கொண்டே காலம் தள்ளியவள் நான். எனக்கு இது போதாது என்று வாய்விட்டுக் கேட்கிற தைரியத்தை அவளிடம்தான் பார்த்தேன்.