பழைய டிராப் லிஸ்டில் எங்கள் புது அட்ரஸ்

"எல்லா சைட்டும் வருது மேடம். எங்க ஊட்டுக்காரரு கப்பல் கம்பெனி சைட் மட்டும் சுத்திக்கினே கீது."

புது ஐபி அட்ரஸ்கள், அதாவது இன்டர்நெட்டில் ஒவ்வொரு இணைப்பையும் அடையாளம் காட்டும் நம்பர்கள், வந்த வாரம் மேரி சொன்ன கம்ப்ளைன்ட் இது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனியில் நான் ஒருத்திதான் நெட்வொர்க் இன்ஜினியர். லைன்மேன்கள் வெளியே போய்விட்டால் ரவுட்டர் அறையில் ஏசி சத்தமும் நானும்தான். பழைய அட்ரஸ்கள் ஃபேக்டரிகளுக்கே தீர்ந்துவிட்டன. அட்ரஸ்களைப் பங்கிட்டுக் கொடுக்கும் ரிஜிஸ்ட்ரி, யாருக்கும் கொடுக்காமல் பல வருடம் ரிசர்வில் வைத்திருந்த ஒரு பெரிய அட்ரஸ் வரிசையிலிருந்து, அதாவது பிளாக்கிலிருந்து, எங்களுக்கு ஒரு துண்டு கிடைத்தது. வீட்டு இணைப்புகளை அதில் போட்டேன்.

மேரி காஸ்டிங் ஃபேக்டரியில் பேக்கிங் செக்‌ஷன். பக்கத்திலிருக்கும் ஆரணிக்குப் போகும் வழியில் வீடு. கணவர் சரக்குக் கப்பலில். அவரோடு பேச அந்த சைட்தான் ஒரே வழி. வீட்டுக்குள் செல்போன் டவர் எடுக்காது.

நேரில் போய்ப் பார்த்தேன். எங்கள் லைனில் சைட் சுற்றிக்கொண்டே இருந்தது. போனை ரோட்டில் டீக்கடைப் பக்கம் எடுத்துப் போய் டவரில் போட்டால் உடனே திறந்தது. கோளாறு எங்கள் அட்ரஸில் என்று புரிந்துவிட்டது.

"சரியாகுற வரைக்கும் ரோட்ல நின்னு பேசும்மா," என்றேன்.

மேரி என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"வயித்துல இருந்தது தங்கல மேடம். அவருக்கு இன்னும் தெரியாது. டீக்கடைல நாலு பேரு பாக்க நின்னுக்கினு அத்த எப்டி சொல்றது? இதுக்கோசரம்தான் லைனே போட்டேன்."

யாருக்கும் ஒதுக்காத அட்ரஸிலிருந்து டேட்டா வந்தால் அது பெரும்பாலும் போலி. அதனால் அந்த பிளாக்குகளை ஒரு லிஸ்டில் போட்டு, ரவுட்டரிலேயே டிராப் செய்வது, அதாவது உள்ளே விடாமல் தள்ளிவிடுவது வழக்கம். நானும் செய்கிறேன். ஆனால் ஒரு பிளாக்கை ஒருவருக்குக் கொடுத்த பிறகு அதை லிஸ்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். கப்பல் கம்பெனியில் எங்கள் பிளாக்கை எடுக்கவில்லை. எர்ரர்கூட வராது. நாம் அனுப்பியது போகும், பதில் வராது.

"ஒரு ஊட்டுக்கு ஏம்மா இவ்ளோ பேஜாரு? அவங்க சைடு ப்ராப்ளம்னு க்ளோஸ் பண்ணு," என்றார் முதலாளி. நான் க்ளோஸ் பண்ணவில்லை.

கப்பல் கம்பெனிக்கு மெயில் போட்டேன், ஆட்டோ ரிப்ளை வந்தது. சப்போர்ட்டுக்குப் போன் செய்தால், "உங்களுக்கு இன்டர்நெட் குடுக்குற ஐஎஸ்பிய கேளுங்க மேடம்" என்றார்கள். "நான்தாங்க ஐஎஸ்பி" என்றேன். லைன் கட்டாகிவிட்டது. பல நாள் இப்படியே போய், கடைசியில் அவர்கள் ரவுட்டரைக் கவனித்துக்கொள்ளும் தினேஷ் போனில் கிடைத்தார்.

"அந்த லிஸ்ட போட்டவரு எப்பவோ வேலைய உட்டுட்டாரு மேடம். நான் எடுத்து, அட்டாக் எதனா வந்துச்சுன்னா?"

"எல்லாத்தையும் எடுக்க வேணாம் சார். ஆபீசுக்குள்ள மட்டும் ஓடுற பிரைவேட் ரேஞ்ச் மாதிரி என்னைக்குமே வெளிய வரக்கூடாதது அப்படியே இருக்கட்டும். இந்த பிளாக் இப்ப எங்க பேர்ல இருக்கு, ரிஜிஸ்ட்ரில பாருங்க. மத்ததுக்குத் தானா அப்டேட் ஆகுற லிஸ்ட் போட்டுக்குங்க."

அவர் ரிஜிஸ்ட்ரியைத் திறந்து எங்கள் பெயரை வாய்விட்டுப் படித்தார்.

"இங்க நான் ஒருத்தன்தான் மேடம். கேக்குறதுக்கும் ஆள் இல்ல."

"இங்கயும் அப்படித்தான் சார்."

கீபோர்டு சத்தம் கேட்டது. எங்கள் லைனில் சைட் திறந்தது. உடனே மேரியைக் கூப்பிட்டேன்.

"வருது மேடம். ரொம்ப தேங்க்ஸ்," என்றாள். பிறகு, "முந்தாநேத்து ரோட்லயே சொல்லிட்டேன். கொரல் ஒரு மாதிரி கீதேன்னு கேட்டாரு, மறைக்க முடியல. சொல்ல சொல்ல லாரி ஒண்ணு ஹாரன் அடிச்சிக்கினே போச்சு. அவருக்குக் கேக்கல. இன்னொரு வாட்டி சொன்னேன்."

போனை வைத்துவிட்டு எங்கள் ரவுட்டரின் லிஸ்டைத் திறந்து, மாலை வரை தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன்.

ரிசர்வ் பிளாக்குகளை ஃபில்டர் செய்யத்தான் வேண்டும் என்று இன்றும் சொல்வேன். ஆனால் பிறகு அதை எடுக்கப்போவது யார் என்று தெரியாமல் ஒரு வரியும் நான் போடுவதில்லை.