நான்கு கிலோவுக்கு இரண்டு தீக்குச்சி

ஏசுதாஸ் தீக்குச்சியைத் தலைகீழாகப் பிடிப்பான். மருந்துள்ள பக்கம் விரல்களுக்குள் போய்விடும். வெறும் முனையைக் குழாய்ச் சொட்டில் ஒருமுறை காட்டி எடுப்பான். சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்து ஒரே ஒரு மடிப்பை மட்டும் பிரிப்பான். அதற்கு முன்பே மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பான். பொட்டலத்துக்குள் அந்தக் கலர்த்தூள் சிவப்பாகவே இருக்காது, வண்டின் முதுகு போலப் பச்சையாக மினுங்கும். ஈரம் பட்டால்தான் நிறம் தெரியும். முனையில் ஒட்டியதை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே கோழிக்கறி மேல் தட்டுவான். நான்கு கிலோவுக்கு இரண்டு குச்சி. தட்டி முடித்த பிறகுதான் மூச்சை விடுவான். குச்சிகள் சுவருக்கு அந்தப் பக்கம் போய் விழும். அங்கே மண் எப்போதும் ரோஸ் நிறத்தில் இருக்கும்.

அத்தோடு அவன் வேலை முடிந்தது. தூளை அவன் விரலால் தொட்டதே கிடையாது. அதன்பின் எல்லம்மாள் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முழங்கை வரை உள்ளே விட்டுப் பிசைவாள்.

திருப்போரூர் பஸ் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி, மஞ்சள் பெயின்ட் அடித்த தள்ளுவண்டி. சாயங்காலம் ஐந்து மணிக்கு அடுப்பு பற்றும். நாவலூரில் வேலை முடிந்து பைக்கில் வீடு திரும்புகிறவர்கள் ஒரு காலை ஊன்றியபடியே சில்லி சிக்கன் கட்டி வாங்கிப் போவார்கள். முருகன் கோயிலில் கிருத்திகை என்றால் மட்டும் வண்டிக்கு லீவு. பதினோரு வருடமாக அந்தக் குடும்பம் அந்த நாலு சக்கரத்தின் மேல்தான் ஓடியது. அதற்கு முன்னால் இருவரும் நாற்று நட்டார்கள், செங்கல் சுமந்தார்கள். மறுபடியும் அங்கே போவதை ஏசுதாஸ் நினைத்துப் பார்க்கவும் விரும்பவில்லை.

பொட்டலம் மணியின் நாட்டு மருந்துக் கடையிலிருந்து வரும். மாலை போட்டுச் செவ்வாடை கட்டுகிறவர்கள் வெளுத்துப்போன வேட்டிக்குச் சாயம் ஏற்ற அங்கேதான் தூள் வாங்குவார்கள். பக்கத்திலேயே கேசரிக்குப் போடுகிற கலரும் இருக்கும். ஆனால் அது எண்ணெயில் விழுந்ததும் மங்கிவிடும்.

"துணிக்கா, துன்றதுக்கா?" என்று மணி கேட்பான். யார் போனாலும் கேட்பான்.

"துணிக்கு."

"எத்தினி வேட்டிடா வச்சிகினு கீற நீ? ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போற ஆளு, வருசம் பூரா செவப்பு வேட்டி கட்டிக்கினு எங்க போற?"

"ஒனக்கு இன்னாத்துக்கு? கட்டிக் குடு மச்சான்."

இருவரும் சிரிப்பார்கள். பொட்டலம் சட்டைப் பைக்குப் போகும்.

எல்லம்மாளின் உள்ளங்கைகள் முதலில் சிவந்தன. பிறகு தோல் உரிந்தது. பிறகு ரேகைகள் ஓடுகிற இடமெல்லாம் வெடித்தது. சோற்றில் கை வைத்தால் எரிகிறது என்றாள். ஏசுதாஸ் எலுமிச்சம்பழ மூடியைத் தேய்க்கச் சொன்னான். அது இன்னும் எரிந்தது.

"கையொற ஒண்ணு வாங்கியாந்து குடுய்யா."

"கையொற போட்டா மசாலா புடிக்காதுமே. கைச்சூடு எறங்கணும்."

வண்டி போடுகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். அவனும் நம்பித்தான் சொன்னான்.

"அப்ப அந்தத் தூள வுட்ரு. மொளகாத்தூளே போதும்."

"செவப்பு இல்லன்னா எவன் நிப்பான்? எதுத்தாப்ல ஆபிரகாம் வண்டி கீது, அங்க போயிடுவான்."

பிப்ரவரியில் ஒருநாள் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். இளவயசு டாக்டர் அவள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணில் இருந்த சிவப்பைப் பஞ்சால் துடைத்தார். அது போகவில்லை.

"சாயப்பட்டறையில வேலை செய்றீங்களாம்மா?"

எல்லம்மாள் வாயைத் திறப்பதற்குள் ஏசுதாஸ் சொன்னான்: "இல்ல சார். வூட்லதான் கீது."

டாக்டர் களிம்பு எழுதிக்கொடுத்தார். திரும்பி வருகிற பஸ்ஸில் எல்லம்மாள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தாள். அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்காதது நல்லதுதான் என்று ஏசுதாஸ் நினைத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் வண்டி முன்னால் ஜீப் ஒன்று நின்றது. உணவுப் பாதுகாப்பு அதிகாரி பிரதீபா இறங்கினார். ஒல்லியான ஆள், சத்தம் போடாமல் பேசுவார். பிசைந்த கறியில் கொஞ்சம் எடுத்துப் பாட்டில்களில் போட்டு அரக்கு வைத்தார். ஏசுதாஸின் சட்டைப் பையைக் காட்டி, "அது என்னங்க?" என்றார்.

பொட்டலத்தைப் பிரித்து ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரே ஒரு துணுக்கு போட்டார். தண்ணீர் முழுவதும் பளீரென்று ரோஸ் ஆகி, விளிம்பில் ஒரு பச்சை வெளிச்சம் நின்றது. கூடியிருந்தவர்கள் செல்போனில் படம் பிடித்தார்கள்.

"இது நூலுக்கும் காகிதத்துக்கும் போடுறது. சாப்பிடுற எதுலயும் இதுக்கு அனுமதி கிடையாது. இன்னைக்குத் தின்னா இன்னைக்கு ஒண்ணும் ஆகாது, அதான் எல்லாருக்கும் தைரியம். வருஷக்கணக்கா உள்ள போனா ஈரலைக் கெடுக்கும், சிறுநீரகத்தக் கெடுக்கும். புற்றுநோய் வரைக்கும் போகலாம்னு சொல்றாங்க. உங்க கடையில சின்னப் பசங்களும் வாங்குறாங்க இல்ல?"

ஏசுதாஸ் தரையைப் பார்த்தான். எல்லம்மாள்தான் முன்னால் வந்தாள். வெடித்த கைகளைக் கூப்பி, "மேடம், வவுத்துப் பொழப்பு மேடம். இந்த ஒருவாட்டி வுட்ருங்க மேடம்" என்று அழுதாள். பிரதீபா அந்தக் கைகளைச் சற்று நேரம் பார்த்துவிட்டு எழுதுவதைத் தொடர்ந்தார். மீதிக் கறியைக் குழிக்குள் கொட்டி மேலே பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். வண்டிக்குப் பதினைந்து நாள் தடை. வழக்கு தனி. மணியின் கடையிலிருந்த டப்பாக்களையும் எடுத்துப் போனார்கள் என்று சாயங்காலமே சேதி வந்தது.

பதினைந்து நாள் கழித்து அடுப்பு மறுபடி பற்றியது. கறி வெறும் மிளகாய்த்தூளில் காவி நிறமாகப் பொரிந்தது.

"இன்னா அண்ணாத்த, கோழிக்கு ஜுரமா? வெளுத்துப்போய்க் கீது!" என்றான் தினமும் வருகிற ஒருவன்.

"கலர் போடலபா. ஒடம்புக்கு ஆவாதாம்."

"பத்து வருசமா துன்னுட்டோம், இப்ப வந்து சொல்ற. நீ டாக்டருக்குப் படிச்சிகினு கீறியா?" பைக் கிளம்பிவிட்டது.

எதிர்ப்பக்கம் ஆபிரகாமின் தட்டில் கறி பொட்டு வைத்த மாதிரி சிவந்து கிடந்தது. கூட்டமும் அங்கேதான். மூன்று வாரம் ஏசுதாஸ் பாதிக் கறியை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தான். வண்டியை வித்துடலாமா என்று அவனே ஒருநாள் கேட்டான். எல்லம்மாள் களிம்பு தடவிக்கொண்டிருந்தாள். அவள் கையில் புதுத்தோல் வர ஆரம்பித்திருந்தது.

மறுநாள் அவன் மணியிடம் போனான். மணி தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான். இந்தத் தடவை துணிக்கா என்று கேட்கவில்லை, சிரிக்கவும் இல்லை. கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்துக்கொடுத்தான்.

காலையில் எல்லம்மாள் கறியைக் கழுவி, பூண்டு இஞ்சி அரைத்துப் போட்டு, மிளகாய்த்தூளும் உப்பும் போட்டு, அகலப் பாத்திரத்தை அவன் முன்னால் நகர்த்தினாள். அவன் தீக்குச்சியை நனைத்தான். பொட்டலத்தை எடுத்தான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு மடிப்பைப் பிரித்தபோது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"போடு. போட்டுட்டு நீயே பெசஞ்சிக்கோ."

"இன்னாமே புதுசா?"

"கைச்சூடு எறங்கணும்னு சொல்லுவியே. ஒன் கையிலயும் சூடு கீதுல்ல?"

ஏசுதாஸ் மூச்சைப் பிடித்திருந்தான். பிடித்த மூச்சு தீர்ந்துபோகிற வரை பாத்திரத்தையும் தன் வலது கையையும் பார்த்தான். நகங்கள் சுத்தமாக இருந்தன. பதினோரு வருடத்தில் ஒருநாள்கூட அந்தக் கையில் கறை பட்டதில்லை என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது போலிருந்தது. அவள் கையை அவன் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். தன் கையை இப்படிப் பார்த்ததில்லை.

பொட்டலத்தை மறுபடி மடித்தான். கக்கூஸுக்குப் போய்க் கொட்டி, மூன்று வாளி தண்ணீர் ஊற்றினான். திரும்பி வந்து குந்தி உட்கார்ந்து, கறிக்குள் கையை விட்டான். மிளகாய் எரிந்தது. அவன் பிசைகிற அழகைப் பார்த்து எல்லம்மாள், "கோழிக்குக் கிச்சுகிச்சு மூட்டிகினு கீற. அழுத்திப் பெசைய்யா" என்றாள்.

அதன்பின் அவன்தான் பிசைந்தான். வண்டியின் முன்னால் 'கலர் போடுவதில்லை' என்று எழுதிவைத்தான். போன கூட்டத்தில் பாதி மெதுவாகத் திரும்பியது, மீதி வரவேயில்லை. ஆபிரகாமின் வண்டிக்கும் ஒருநாள் ஜீப் போனது.

ஒன்பது மாதம் கழித்து, அபராதம் கட்டி வழக்கை முடிக்க ஏசுதாஸ் செங்கல்பட்டு அலுவலகத்துக்குப் போனான். கையெழுத்துக்காகக் கோப்பைத் திறந்து அவன் பக்கம் திருப்பி வைத்த குமாஸ்தா, முத்திரை மை எடுக்க உள்ளே போனார். கிளிப்பில் மேலாக இருந்தது புகார்த் தாள். போனில் வந்த குரல் பதிவைக் கேட்டு அப்படியே தட்டச்சு செய்திருந்தார்கள். புகார் சொன்னவர் பெயர் இல்லை.

'திருப்போரூர்ல மஞ்ச வண்டி சார். துணிச்சாயம் போடுறாங்க. நாலு கிலோவுக்கு ரெண்டு குச்சி. பெசையற பொம்பளைக்குக் கையொறகூட இல்ல சார். சீக்கிரம் வாங்க.'

பதிவான நாள் அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போன அதே நாள். நேரம் பகல் பன்னிரண்டு நாற்பது. அந்த நேரத்தில் ஏசுதாஸ் எல்லம்மாளை வேப்பமரத்தடி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, களிம்பு வாங்குகிற வரிசையில் நின்றிருந்தான்.