தேதி போடாத விடுப்புக் கடிதம்

காலை ஏழு மணி இருக்கும். புடவை மாற்றிக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டப் போகும்போது போன் அடித்தது. முனிரத்தினத்தின் மகள் கீதா. எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று கேட்கத்தான் கூப்பிடுகிறாள் என நினைத்து, "கிளம்பிட்டேம்மா, பத்து நிமிஷம்" என்றேன். "மெதுவாவே வாங்க மேடம். நைனா போயிட்டாரு" என்றாள். ஒரு காலில் செருப்போடு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. தெருவில் வெயில் இதமாக விழுந்திருந்தது. அந்த வெயிலை நம்பித்தான் நான் கிளம்பியிருந்தேன்.

திருத்தணியில் எங்கள் பள்ளியில் படித்தவர்களுக்கும் வேலை பார்த்தவர்களுக்கும் முனிரத்தினத்தை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் பள்ளி அலுவலகத்தின் எழுத்தர். சம்பளப் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், விடுப்புப் பதிவேடு எல்லாம் அவர் கையில்தான். நான் அங்கே தலைமையாசிரியையாக ஆறு வருடம் இருந்தேன். கெடுபிடிக்காரி என்று பெயர் எடுத்தவள். அந்தப் பெயர் பொய்யில்லை.

நான் சேர்ந்த வருடம் புரட்டாசியில் ஒருநாள், காலை வழிபாடு முடிந்ததும் மேசைமேல் ஒரு கடிதம் வைத்தார். 'இன்று வெயில் இதமாகவும் காற்று சுகமாகவும் இருப்பதால், என் வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டி, ஒருநாள் தற்செயல் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' இரண்டு முறை படித்தேன். புதிதாக வந்தவளை ஆழம் பார்க்கிறார் என்று தோன்றியது.

"இன்னாங்க இது? சொந்த வேலைன்னு எழுதிக் குடுங்க" என்றேன்.

"வேலைன்னு எப்படிங்க எழுதறது? இன்னிக்கு நான் ஒரு வேலையும் செய்யமாட்டேனே."

"அப்ப தலைவலின்னு எழுதுங்க."

"தல நல்லாத்தான் இருக்குது மேடம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இங்க ஒரு சாரோட மாமனாரு மூணு வாட்டி செத்துட்டாரு. மூணு லெட்டரும் ஃபைல்ல இருக்குது. எனக்கு அது வராதுங்க. பொய் எழுதி வாங்கின நாளு ருசிக்காது."

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் உட்கார்ந்தால் ஆகாதா என்று கேட்டேன். "ஞாயித்துக்கிழம நம்ம சௌகரியங்க. இது வெயிலோட சௌகரியம்" என்றார். எரிச்சலோடுதான் கையெழுத்துப் போட்டேன்.

எரிச்சல் போகவில்லை. சந்தேகமும் சேர்ந்துகொண்டது. மதிய இடைவேளையில் ஆட்டோ பிடித்து அவர் வீட்டுக்கே போய்விட்டேன். கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்ற எண்ணம்தான், ஒளிப்பானேன். மனைவி காலமான பிறகு அவரும் மகளும்தான் அந்த வீட்டில். கீதா அரக்கோணத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "பின்னாடி இருக்காரு மேடம். சாப்புடக் கூப்டாகூட எழுந்துக்கமாட்டாரு."

பின்கட்டில், அவரைக்கொடிப் பந்தல் ஓரமாக, ஒரு மர நாற்காலியில் அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். கையில் பேப்பர் இல்லை, போன் இல்லை. சாமந்தி மொட்டுவிட்டிருந்தது. பவழமல்லி அடியில் காலையில் கொட்டிய பூ அப்படியே கிடந்தது. கூட்டவும் இல்லை, பொறுக்கவும் இல்லை. தலைக்குமேல் தும்பிகள் கூட்டமாகப் பறந்தன. சுவருக்கு அப்பால் மலையும் படிக்கட்டும் அவ்வளவு பக்கத்தில் தெரிந்தன. என்னைப் பார்த்து அவர் பதறவே இல்லை. இன்னொரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார். பக்கத்தில் களை முளைத்திருப்பதைக் காட்டி, பிடுங்கக் கூடாதா என்றேன்.

"வருசம் பூரா இதுங்களுக்கு நான் வேலக்காரங்க. ஒருநாளாவது விருந்தாளியா இருக்கக் கூடாதா?"

பத்து நிமிடம் இருக்கலாம் என்று உட்கார்ந்தேன். திருப்பதிக்கு நடந்து போகிறவர்களின் 'கோவிந்தா' சாலைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. வெயில் முதுகில் பட்டது, சுடவில்லை. ஐந்தாவது பீரியடுக்குத் தாமதமாகப் போய் நின்றேன். என் சர்வீஸில் அது ஒன்றுதான்.

அதன் பிறகு அவருடைய ஏற்பாடு முழுவதும் எனக்குப் புரிந்தது. புரட்டாசி பிறந்ததும் கடிதத்தை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். தேதி மட்டும் போடமாட்டார். கேட்டால், "தேதி நாம போடறது இல்லைங்க, வெயில் போடணும்" என்பார். என்றைக்கு அந்த நாள் என்று அவருக்குக் காலையில் தெரிந்துவிடும். பள்ளிக்கு வந்து, பேனாவை எடுத்து, என் எதிரிலேயே தேதியை எழுதி நீட்டுவார். நானும் காத்திருக்கத் தொடங்கினேன். "இன்னிக்கு இல்லையா?" என்று நானே கேட்ட நாள்களும் உண்டு. "ஆங், இன்னும் கொஞ்சம் பதம் வரணும் மேடம்" என்பார், ஏதோ அடுப்பில் பாகு காய்வதுபோல.

ஐந்தாவது வருடம் அவர் தேதி எழுதி நீட்டிய அன்று உயர் அதிகாரி ஆய்வுக்கு வருவதாக இருந்தது. பதிவேடுகளை எடுத்துக் காட்ட அவர் வேண்டும். முடியாது என்றேன். அவர் முகம் சுளிக்கவில்லை. "பரவாயில்லைங்க, நாளைக்கும் இப்படித்தான் இருக்கும்" என்று போய்விட்டார். அதிகாரி அன்று வரவே இல்லை. மறுநாள் பிடித்த மழை ஒரு வாரம் விடவில்லை. அப்புறம் ஐப்பசி வந்துவிட்டது. பின்னால் ஒருநாள் கோப்பைப் புரட்டியபோது அந்தக் கடிதம் இருந்தது. குறுக்கே சிவப்பு மையில் 'பயன்படுத்தப்படவில்லை' என்று எழுதி ஒழுங்காகக் கோத்து வைத்திருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த புரட்டாசியில், காற்றும் வெயிலும் கைகோத்துக்கொண்டு வந்த ஒரு காலையில், அவர் கடிதத்தை வைத்தார். நான் பேனாவைத் திறந்துகொண்டே படித்தேன். 'உடல்நலமின்மையால்' என்று இருந்தது.

"இன்னிக்கு வெயில் நல்லா இருக்கே, முனிரத்தினம்."

"ஆங், வெயில் நல்லாத்தான் இருக்குதுங்க. எனக்குத்தான் சரியில்ல."

மற்ற யார் அப்படி எழுதியிருந்தாலும் நிமிர்ந்துகூடப் பார்த்திருக்கமாட்டேன். அவர் எழுதியதால் பேனாவை வைத்துவிட்டு அவரை உட்காரச் சொன்னேன். சென்னையில் சோதனைகள் செய்து, கணையத்தில் கட்டி என்றார்கள். அந்த வருடத் தோட்டம் ஆஸ்பத்திரியிலேயே போயிற்று. நான் ஓய்வு பெற்ற நாளன்று வந்து, பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போனார். அவருடைய சட்டை அவருக்கே பெரிதாக இருந்தது.

இந்த ஆவணியில், இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முன்னறையில் கட்டில் போட்டிருந்தது. அங்கிருந்து தெரு தெரியும், தோட்டம் தெரியாது. போகிற போதெல்லாம் என்னைக் கேட்கும் முதல் கேள்வி, "வெளிய எப்படி இருக்குது மேடம்?" நன்றாக இருக்கிறது என்று சொல்லவும் கஷ்டம், இல்லை என்று சொல்லவும் கஷ்டம். தோட்டத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார். மண்ணும் தூசியும் ஆகாது, கிருமி தொற்றினால் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கீதா என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் அழுதாள். "நர்ஸா பேசறதா, பொண்ணா பேசறதான்னே தெரியல மேடம்." ஒரு பள்ளிக்கூடத்தை நடத்தியவள் என்று பெயர். அந்தச் சமையலறையில் நான் எதற்கும் உதவாதவளாக நின்றேன்.

புரட்டாசி பிறந்திருந்தது. அவர் போவதற்கு முதல்நாள் மாலை, தூறலில் நனைந்துகொண்டு போனேன். என்னைப் பார்த்ததும் மகளிடம், "மேடம் சாங்ஷன் பண்ணா ஒத்துக்குவியா?" என்றார். அவள் அழுகையும் சிரிப்புமாக, "மேடம் சொன்னா சரி நைனா" என்றாள். படுக்கையிலும் அவர் பை வைத்த சட்டைதான் போட்டிருந்தார். அதிலிருந்து கடிதம் வந்தது. அதே வாசகம். எழுத்து மட்டும் கோணிக்கொண்டு போயிருந்தது.

"நான் ரிடையர் ஆனவ. என் கையெழுத்து செல்லாதே" என்றேன்.

"பள்ளிக்கூடத்துலதாங்க செல்லாது."

ஒருமுறை மறுத்துவிட்டு அதன் பலனைப் பார்த்தவள் நான். அவர் மார்புக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்து, 'அனுமதிக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தேதி என்று கேட்டேன். கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பினார். தூறல் விடவில்லை. "காலையில பாத்துப் போட்டுக்கலாம். நீங்களே வெச்சிருங்க மேடம், எடுத்துகினு வாங்க" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது.

மறுநாள் விடிந்தபோது கீதா தோட்டத்தைக் கூட்டி, தூசி எழும்பாமல் தண்ணீர் தெளித்து, நாற்காலியைத் துடைத்து, அதன்மேல் சலவைப் போர்வை ஒன்றை விரித்திருக்கிறாள். பிறகுதான் அவரை எழுப்ப உள்ளே போயிருக்கிறாள்.

நான் போனபோது தெருவில் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன். அப்படி ஒரு வெயிலை நான் பார்த்ததில்லை. மழை கழுவிவிட்ட மலை, பந்தலில் அவரைப் பூ, தாழப் பறக்கும் தும்பிகள், சாலையில் 'கோவிந்தா'. எனக்குக் கோபமாக வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போதவில்லை என்று யாரோ அவருடைய நாற்காலியை எடுக்க வந்தார்கள். கொடுக்கமாட்டேன் என்றேன். நானும் அதில் உட்காரவில்லை.

கைப்பையில் கடிதம் இருந்தது. எடுத்தேன். அன்றைய தேதியைப் போட்டு அவர் சட்டைப்பையிலேயே வைத்து அனுப்பிவிடலாம் என்று தோன்றியது. தகுதியான நாள்தான். பேனாவைத் திறந்தும்விட்டேன். ஆனால் அன்று அவர் தோட்டத்தில் உட்காரவில்லையே. அந்தத் தேதியை எழுதினால் அது பொய். அந்த மனிதருடைய கோப்பில் அதுவரை பொய் ஒன்றுகூட இல்லை.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த ஒரு தாள். வெயில் இதமாக இருப்பதால் என்று தொடங்குகிறது. அவர் கையெழுத்து இருக்கிறது, என் கையெழுத்தும் இருக்கிறது. தேதிக்கு விட்ட இடம் அப்படியே இருக்கிறது.